கோப்பை இல்லாத ஆட்டக்காரி

பலெர்மோவில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களின் கலியாணப் பேச்சு குழம்புவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மாப்பிள்ளையின் தாய் மன்னார், பெண்ணின் தகப்பன் யாழ்ப்பாணத்துத் தீவான் என்றால் குழம்பும். எந்தக் கோவிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்டால் குழம்பும். சண்டைக்காலத்தில் யார் எங்கே நின்றார்கள் என்று தொடங்கினால், பாதர் வந்தாலும் சரி, பாப்பரசரே வந்தாலும் சரி, பிறகு ஒட்டவைக்க முடியாது. ஆனால் பந்தினால் குழம்பிய கலியாணம் எனக்குத் தெரிய ஒன்றே ஒன்றுதான். அதையும் முன்னின்று பேசப் போனவள் நான்.

என் பெயர் கிளறா. அமலினிக்கு நான் ஞானத்தாய். அவளைப் பெற்ற யோசப்பினும் நானும் இந்த ஊருக்கு ஒன்றாக வந்து, ஒரே கட்டடத்தில் அவள் மேல்வீட்டையும் நான் கீழ்வீட்டையும் துடைத்தவர்கள். நோய் வந்து யோசப்பின் போய்ச்சேர்ந்து நாலு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவென்றாலும் நான்தான். என்னிடம் யாரும் அதை ஒப்படைக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். தகப்பன் சூசைதாசன் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். நகரத்தில் பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இரவு முழுக்க வாசல் மேசையில் இருந்து சாவி கொடுக்கிற வேலை. பகலில் நகரத்துக்கு வெளியே பகேரியா என்கிற சின்ன ஊரில் உள்ள வீட்டில் நித்திரை. அப்படி இருந்தால் மனிதன் யாரோடு கதைப்பது?

அமலினிக்கு இருபத்தேழு வயது. கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் பகேரியா ஸ்டேசனில் றெயின் ஏறி நகரத்துக்குப் போவாள். அதே நேரம் நகரத்திலிருந்து வருகிற றெயினில் கொட்வின் என்கிற பையன் இறங்குவான். பகேரியாவில் ஒரு கிளினிக்கில் நேர்ஸ். ஏறுகிறவளுக்கும் இறங்குகிறவனுக்கும் எப்படியடி காதல் வந்தது என்று கேட்டேன். "என்ரை றெயின் எந்த நாள் நேரத்துக்கு வந்தது அன்ரி?" என்றாள். சிசிலி றெயின்களால் ஒரு நன்மை நடந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கொட்வினின் தகப்பன் ஏர்னஸ்ற், தாய் அற்புதமலர். நகரத்தில் ஒரேத்தோத் தெருவில் இருக்கிறார்கள். ஏர்னஸ்ற் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அங்கேயே சமைக்கிறவர். நல்ல குடும்பம், கடன் தொல்லை இல்லை, பையனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பிள்ளைகள் தாங்களே முடிவெடுத்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் முறை என்று ஒன்று இருக்கிறதே. மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து பெண்ணைக் கேட்க வேண்டும், தகப்பன் சம்மதம் சொல்ல வேண்டும், பாதர் செபம் சொல்ல வேண்டும். அதுவரை வந்தவர்கள் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது.

சங்கடம் அங்கேதான் தொடங்கியது. பாதருக்கு அன்றைக்கு இன்னொரு கோவிலில் பூசை இருந்தது. முடித்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வருவார். அவர் வரும்வரை இரண்டு பக்கமும் வெறும் வயிற்றோடு முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பசித்த மனிதர் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே இரண்டு வீட்டாருக்கும் முன்கூட்டியே சட்டம் போட்டேன். ஊர் பேசக்கூடாது, இயக்கம் பேசக்கூடாது, கோவில் கொமிற்றி பேசக்கூடாது, சீதனம் என்ற சொல் வாயில் வரவே கூடாது.

"அப்ப என்னத்தைத்தான் கதைக்கிறது?" என்று ஏர்னஸ்ற் கேட்டார்.

அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். கடவுளே கொண்டுவந்து தந்தது என்று நினைத்தேன். சூசைதாசனுக்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றால் விசர். ஹோட்டலில் மற்றவர்கள் உறங்கும்போது அங்கே ஆட்டம் தொடங்கும், இவர் மேசைக்குக் கீழே போனை வைத்துப் பார்ப்பார். ஏர்னஸ்ற்றுக்கும் அதே விசர். அவருடைய தமக்கையின் மகள் கனெற்றிகட்டில் படித்தவள், அந்தப் பல்கலைக்கழகத்துச் சட்டையை அனுப்பியதிலிருந்து பிடித்துக்கொண்டது. இத்தாலி முழுக்க உதைபந்துக்கு அழுது புரளும்போது, எங்கள் ஆட்களில் இப்படி இரண்டு பேர், அதுவும் சம்பந்திகளாகப் போகிறவர்கள்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பாஸ்கற்போல் பேசுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தட்டில் வாழைப்பழம், பூ, அற்புதமலர் கடையில் சொல்லிச் செய்வித்த பெரிய கசாத்தா கேக். கொட்வின் கோட்டுப் போட்டுக்கொண்டு வேர்த்து நின்றான். நான் அமலினியோடு குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"தாசண்ணை, நீங்களும் பாக்கிறனீங்களாம் எண்டு கிளறா சொன்னவ" என்று ஏர்னஸ்ற் தொடங்கினார்.

"ஓம். இரவு வேலைதானே. அது இருக்கிறபடியால்தான் விடியுது."

"அப்ப சொல்லுங்கோ. இந்த இருபது முப்பது வருஷத்திலை உங்கடை கண்ணுக்கு நல்ல ரீம் எது?"

"கென்ரக்கி. ரெண்டாயிரத்துப் பதினைஞ்சிலை வந்தது."

"அவங்கள் கப் எடுக்கேல்லையே!"

"எடுக்கேல்லைத்தான். முப்பத்தெட்டு ஆட்டம் ஒண்டும் தோக்காமல் வந்தவங்கள். கடைசிக்கு முதல் ஆட்டத்திலை விழுந்தாங்கள். ஒரு நாள் பிழைச்சுப்போச்சு எண்டதுக்காக முன்னம் ஆடினதெல்லாம் இல்லை எண்டு போகுமோ?"

"போகும்!" என்று ஏர்னஸ்ற் தொடையில் தட்டிச் சிரித்தார். சூசைதாசனும் சிரித்தார். யோசப்பின் போன பிறகு அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் அமலினியை முழங்கையால் இடித்தேன். "பார், என்ரை கெட்டித்தனத்தை" என்றேன். அவள் றோல்ஸைப் புரட்டினாள்.

அந்த விளையாட்டு இரக்கமில்லாதது. மாசி முடிந்து பங்குனியில் அமெரிக்கா முழுவதிலுமிருந்து அறுபதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இறங்கும். ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், இரண்டாவது தவணை கிடையாது. கடைசியில் நிற்கிற ஒரு கல்லூரிக்குக் கப். இதெல்லாம் நான் படித்து அறிந்ததல்ல, அன்றைக்குக் குசினியில் நின்றபடி என் காதில் விழுந்தது.

ஏர்னஸ்ற் விடவில்லை. புளோரிடா அடுத்தடுத்து இரண்டு வருடம் கப் எடுத்ததாம். எங்கடை கனெற்றிகட்டும் அண்மையில் அடுத்தடுத்து இரண்டு வருடம் எடுத்ததாம். எங்கடையாம்! அந்த ஊரை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். சூசைதாசன் எடுத்ததெல்லாம் கப் இல்லாமல் போனவர்களின் பக்கம். ஒரு சின்னக் கல்லூரியைத் தனியே தூக்கிக்கொண்டு வந்து கடைசி எட்டில் இரண்டு புள்ளியால் விழுந்த பையன், ஒரே வருடம் படித்துவிட்டு வெறுங்கையோடு போன நெட்டையன். அப்படிப்பட்டவர்களின் பெயர்களை அவர் செபமாலை சொல்வதுபோல் சொன்னார். நேரம் போய்க்கொண்டிருந்தது, பாதரைக் காணவில்லை.

"சரி, பொம்பிளைப் பிள்ளையளின்ரை ஆட்டத்துக்கு வாங்கோ" என்றார் ஏர்னஸ்ற்.

"வாறன். அயோவாவின்ரை கெய்ற்லின் கிளார்க். அவளுக்கு மேலை ஆர்? அந்தக் கல்லூரி ஆட்டத்திலை ஆம்பிளை பொம்பிளை ரெண்டு பக்கமும் பாத்தாலும் அவளளவு புள்ளி ஒருத்தரும் போடேல்லை."

"ரெண்டு தரம் இறுதியாட்டத்துக்கு வந்தவள். ரெண்டு தரமும் தோத்தவள். எங்கடை கனெற்றிகட் பிரியானா ஸ்ருவேட்டைப் பாருங்கோ. நாலு வருஷம் படிச்சாள், நாலு வருஷமும் கப்."

"அவளுக்குப் பக்கத்திலை நிண்டதுகள் ஆர் எண்டு பாருங்கோ அண்ணை! அவளுக்கு எல்லாம் அமைஞ்சுது. இவள் தனிய இழுத்துக்கொண்டு வந்தவள்."

"தனிய இழுக்கச் சொன்னது ஆர்? நான் இவ்வளவு காலமும் குசினியிலை நிக்கிறன். ஒருத்தன் நல்லாச் சமைச்சாப்போலை றெஸ்ரோறன்ற் ஓடாது. கழுவிறவன் வேணும், வெட்டிறவன் வேணும். சனம் சாப்பிட்டுட்டு எழும்பேக்கை மேசையிலை என்ன வந்தது எண்டுதான் கேக்கும், உள்ளை ஆர் எவ்வளவு கெட்டிக்காரன் எண்டு கேக்காது."

"சந்தர்ப்பம் கிடைக்காதவைக்கு என்ன சொல்லுறியள்?" சூசைதாசனின் குரல் ஏறியிருந்தது. "திறமை இருந்தும் அந்த ஒரு நாள் வாய்க்காதவைக்கு?"

"வாய்க்கேல்லை எண்டா வாய்க்கேல்லை. கடைசி நாள் மேடையிலை நிண்டது ஆர்? அதுதான் கணக்கு. மிச்சமெல்லாம் பெத்ததுகள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளுற ஆறுதல்."

அமலினியின் கையிலிருந்த கரண்டி சட்டியின் விளிம்பில் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் முன்னறையில் கதிரை விழுந்த சத்தம் கேட்டது.

"என்ரை வீட்டிலை இருந்துகொண்டு என்ரை பிள்ளையைச் சொல்லுறியோ?"

"உங்கடை பிள்ளையை ஆர் சொன்னது தாசண்ணை? நான் அந்த அயோவாப் பெட்டையை..."

"எழும்பு! எழும்பிப் போ. இந்தக் கலியாணம் சரிவராது."

நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். கொட்வின் இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம். அற்புதமலர் தட்டை எடுத்தார், பூவை எடுத்தார், அந்தக் கசாத்தாவைக்கூட விட்டுவைக்காமல் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். சம்பந்தி வீட்டுக்கு வந்து 'எழும்பிப் போ' என்று காதால் கேட்ட மனிதனின் முகம் எப்படி இருக்கும்? ஏர்னஸ்ற்றின் முகம் அப்படி இருந்தது. அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் பாதர் ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு "எல்லாம் ஆயத்தமோ?" என்று சிரித்தபடி உள்ளே வந்தார். வந்த பாவத்துக்கு மூன்று றோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தக் கதிரை எதற்காக விழுந்தது என்பது எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஏர்னஸ்ற்றுக்குத்தான் விளங்கவில்லை, ஏனென்றால் அவருக்குத் தெரியாது.

அமலினி பதினேழு வயதில் பகேரியாவில் ஒரு சின்னக் கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடினாள். என்னை மாதிரிக் கட்டை அல்ல, தகப்பனைப் போல் நல்ல உயரம். பந்து அவள் கைக்கு வந்தால் மற்றப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் விளங்காவிட்டாலும் கை தட்டியிருக்கிறேன். அவர்களுடைய பயிற்சியாளர், ஒரு இத்தாலியப் பெண், அமெரிக்காவில் யாரையோ பிடித்து, படங்களை அனுப்பி, ஒரு இடம் எடுத்துக் கொடுத்தாள். கடைசி வருடப் பள்ளிப்படிப்பு அங்கே, பிறகு அங்கேயே ஒரு கல்லூரி, செலவெல்லாம் அவர்களே. வீட்டுக்கு வந்து சூசைதாசனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். யோசப்பின் அழுதாள், சந்தோசத்தில்.

சூசைதாசன் விடவில்லை. காரணம் இல்லாமல் அல்ல. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் இத்தாலியப் பிரஜாவுரிமை கேட்கலாம். ஆனால் பிறந்த நாளிலிருந்து பதினெட்டு வரை இந்த நாட்டில் இடைவெளியில்லாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு வருடம் முன்னதாக வெளியே அனுப்பினால் அது முறிந்துவிடுமோ என்ற பயம். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவின் வாசலில் மழையில் நின்றவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். எங்கள் சனத்தில் யாரும் அவரைப் பிழை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "பிள்ளைக்குக் கடதாசி முக்கியம் அண்ணை. பந்து அடுத்த வருஷமும் உருளும்" என்று சொன்னவளே நான்தான்.

கடதாசி கிடைத்தது. அடுத்த வருடம் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போயிருந்தது. அமலினி "பரவாயில்லை அப்பா" என்றாள். இன்னொரு பருவம் ஆடினாள், பிறகு விட்டுவிட்டாள். அவள் விட்ட பிறகுதான் சூசைதாசன் பார்க்கத் தொடங்கினார். பிள்ளை போயிருக்கக்கூடிய ஒவ்வொரு கல்லூரியையும், பிள்ளையின் வயதுக்காரி ஒவ்வொருத்தியையும் இரவிரவாகப் பார்த்தார். அந்த மனிதரிடம் போய், கப் இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் பெற்றவர்களின் ஆறுதல் என்றால் கதிரை விழாமல் என்ன செய்யும்? இந்தக் கதையெல்லாம் தெரிந்த நானே பாஸ்கற்போல் பேசுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். ஆறிப்போன காரியம் என்று நினைத்திருந்தேன். உள்ளே கிடந்து எரிந்ததை யார் கண்டது?

அடுத்த நாளே ஒரேத்தோவுக்குப் போனேன். அற்புதமலர் கதவைத் திறந்துவிட்டு, தேத்தண்ணி கேட்காமல் உள்ளே போய்விட்டார். ஏர்னஸ்ற் மேசையில் இருந்து அவரைக்காய் நுள்ளிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"எனக்குச் சத்தியமா உது தெரியாது, தங்கச்சி."

"தெரியாதெண்டு எனக்குத் தெரியும்."

"நான் என்ன சொல்லிப்போட்டன்!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளையும் குசினியிலை நிண்டதெல்லோ. கேட்டிருக்குமே."

"கேட்டது."

கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. எனக்கும்தான். உடனே போனை எடுத்துச் சூசைதாசனுக்கு அடித்தார். அவர் எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தார், அதற்கு மறுநாளும் அடித்தார். ஒருநாள் வேலை முடித்து நேரே அந்த ஹோட்டல் வாசலுக்கே போயிருக்கிறார். சூசைதாசன் யாரோ விருந்தாளியிடம் சொல்வதுபோல் இத்தாலியனில் "இடமில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் பகேரியாவுக்குப் போனால் நித்திரை என்று கதவைத் திறக்கவில்லை. ஊமையன் பிடிவாதம் பிடித்தால் ஊரே சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

பிள்ளைகள் காலையில் ஸ்டேசனில் சந்தித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கொட்வின், முனிசிப்பியோவில், அதுதான் நகரசபையில், போய்க் கலியாணத்தை எழுதுவோம், பிறகு பெரியவர்கள் வந்து சேர்வார்கள் என்றிருக்கிறான். அமலினி மறுத்துவிட்டாள். "அப்பா வாயாலை சொல்லாமல் நான் வரமாட்டன் கொட்வின். அவர் தனிய இருந்து இதையும் சேத்து யோசிக்கத் தொடங்குவார்" என்றாளாம். பாதர் என்னை வேறு அவசரப்படுத்தினார். தவக்காலம் தொடங்கினால் கலியாணம் கிடையாது, உயிர்த்த ஞாயிறு கழிய வேண்டும், தவக்காலத்துக்கு முதல் ஓலை கூறி முடிப்பதென்றால் இந்தக் கிழமையே பெயர் கொடுக்க வேண்டும் என்றார். கோவிலில் மூன்று ஞாயிறு பெயர் வாசிக்காமல் எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் ஏது?

சனிக்கிழமை பின்னேரம் நான் பகேரியாவுக்கு றெயின் ஏறினேன். இந்த முறை அமலினியிடமிருந்து திறப்பை வாங்கி வைத்திருந்தேன். உள்ளே போனபோது சூசைதாசன் வேலைச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. ஒரு கையை மடித்துத் தேய்த்தார், மற்றக் கையை மடித்துத் தேய்த்தார்.

"தாசண்ணை, அவர் தெரியாமல் சொன்னவர்" என்றேன்.

"தெரியும்."

"பிறகேன் இந்தக் கூத்து? மன்னிப்புக் கேக்க வாற மனுசனை வாசலிலை வைச்சுத் திருப்புறியள். பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கேல்லையோ?"

அவர் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அவர் சொன்னது சரி, கிளறா. அதுதான் ஏலாமல் கிடக்குது. பிழையாச் சொல்லியிருந்தா நான் சண்டை பிடிச்சுப்போட்டு விட்டிருப்பன்." "நான் ஒவ்வொரு இரவும் அந்தப் பிள்ளையளைப் பாத்து, தோத்தாலும் நீ பெரியவள், கப் இல்லாட்டிலும் நீ பெரியவள் எண்டு எனக்குள்ளை சொல்லிக்கொண்டு இருந்தனான். ஆறுதல்தான். அவர் சரியாப் பிடிச்சிட்டார்."

இப்படியான பேச்சுக்கு மருந்தாக எங்களிடம் எப்போதும் இருப்பதையே எடுத்தேன். "நீங்கள் செய்ததிலை என்ன பிழை அண்ணை? பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடைச்சுது. நல்ல வேலை. அங்கை போய்க் கால் கை முறிஞ்சிருந்தா? யோசப்பினும் கடைசியிலை நீங்கள் செய்தது சரி எண்டுதானே சொன்னவள்."

"அன்ரி, போதும்."

அமலினி அறை வாசலில் நின்றாள். வேலையால் வந்து உடுப்பு மாற்றாமல் படுத்திருந்திருக்கிறாள், சட்டை கசங்கியிருந்தது. அவள் வீட்டில் இருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. சூசைதாசன் அவளைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருடமாக எங்கள் எல்லோரிடமும் சுற்றிச் சுற்றிக் கேட்டு, கேட்க வேண்டியவளிடம் மட்டும் கேட்காததைக் கேட்டார்.

"பிள்ளை, நான் அண்டைக்கு உன்னை விட்டிருக்க வேணுமோ?"

சொல்லடி, இல்லை அப்பா என்று சொல்லடி என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஒரு சின்னப் பொய். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் செய் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்.

"ஓம் அப்பா" என்றாள் அமலினி. "விட்டிருக்க வேணும்."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. சூசைதாசன் அயன் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் முகம் நான் பயந்தபடி உடையவில்லை. ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைக்க இடம் காட்டியதுபோல், தோள் இரண்டும் மெல்ல இறங்கின. இந்தப் பத்து வருடமும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து 'நீ செய்தது சரி, நீ செய்தது சரி' என்று அவரை அந்த இடத்தை விட்டு அசையவிடாமல் வைத்திருந்தோம். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போயிருந்தா நீ கப் எடுத்திருப்பாய்" என்றார்.

"தெரியாது அப்பா. ஒரு வேளை ஆடாமல் வெளியிலை வாங்கிலை குந்திக்கொண்டு இருந்திருப்பன். தோத்து அழுதுகொண்டு வந்திருப்பன். அதெல்லாம் பரவாயில்லை. எனக்கு ஒண்டும் தெரியாமலே போச்சு எண்டதுதான் கவலை." அவள் கிட்ட வந்து அயன்பெட்டியின் வயரைக் கழற்றினாள். "உங்களிலை எனக்குக் கோவம் இருந்தது. இப்ப இல்லை எண்டு சொல்லமாட்டன், கொஞ்சம் இருக்கு. ஆனா நீங்கள் ஏன் விடேல்லை எண்டு எனக்குத் தெரியும். பயத்திலைதானே?"

அவர் தலையாட்டினார்.

"கொட்வினோடை நான் நல்லா இருப்பனோ, சண்டை பிடிப்பனோ, அதுவும் எனக்குத் தெரியாது. அதை நான் இருந்து பாக்க வேணும் அப்பா. இதையும் மறிக்காதேங்கோ."

சூசைதாசன் அழுதார். யோசப்பினின் சவத்தை எடுக்கும்போதும் அழாத மனிதர், அரைகுறையாக அயன் பண்ணிய சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். அமலினி அவரைத் தேற்றவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். நான் எதையாவது சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பிறகு அவர் முகத்தைத் துடைத்து, போனைத் தேடி எடுத்தார். மறுபக்கத்தில் ஒரு மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள். ஏர்னஸ்ற் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஏதோ அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்கினார், அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. சூசைதாசன் அவரைச் சொல்ல விடவில்லை.

"ஏர்னஸ்ற் அண்ணை" என்றார். மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பிள்ளையை அனுப்புறன்."